போர்ட் மாற்றாமல் திருத்திய டிஷ்வாஷர்: அப்புத்தளையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அப்புத்தளைக்குக் கீழே, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய தோட்டத்து பங்களா. இப்போது அது விருந்தினர் விடுதி. அதன் சமையலறையில் 60 சென்ரிமீட்டர் அகலத்தில், 14 பேரின் பாத்திரம் பிடிக்கும் ஐரோப்பியத் தயாரிப்பு டிஷ்வாஷர் ஒன்று அலுமாரியோடு பொருத்தப்பட்டிருக்கிறது. விலை கூடிய ரகம். வாங்கி அதிக காலமாகவில்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் வேலை செய்யாது.

கொழும்பிலிருந்து வந்து பார்த்த ஒரு திருத்துநர், தண்ணீர் சூடாகவில்லை என்று மெஷினே பதிவு செய்திருப்பதைக் காட்டி, மெஷினை இயக்கும் மின்னணு மெயின் போர்ட் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று விலையும் எழுதிக் கொடுத்திருந்தார். புது மெஷின் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது. ஓடர் கொடுக்கும் முன் இன்னொருவர் பார்க்கட்டும் என்று விடுதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இந்த ஒரு மெஷினில் இருந்த முறைப்பாடுகள் எல்லாம் மலைநாட்டில் திரும்பத் திரும்ப வருபவை. காரணங்களில் பெரும்பாலானவை மெஷினுக்கு வெளியே, அதற்குப் போகும் தண்ணீரிலும் கரண்டிலும், பாத்திரம் அதற்குள் போகும் விதத்திலும் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் போர்டை மாற்றினால் புதுப் போர்டும் அதே பிழையைத்தான் காட்டும்.

முறைப்பாடுகளைச் சமையலறை அக்காவிடமே கேட்டேன். மேனேஜரை விட அவருக்குத்தான் மெஷினைத் தெரியும்.

"ஒரு நாளைக்கு ஓடுது தம்பி, இன்னொரு நாளைக்கு டெப் படம் காட்டி நிக்குது. சில நேரம் ஓஃப் பண்ணினாலும் அடியில மோட்டர் சத்தம் நிக்கிறதே இல்ல. கிளாஸ் எல்லாம் வெள்ளையா மங்கிப் போச்சு. பிளாஸ்டிக் சாமான்ல எண்ணெய்ப் பசை போகல."

எந்த நேரத்தில் நிற்கிறது என்று கேட்டேன். பகலில் அவ்வளவாக இல்லை, பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றார். இந்தப் பதிலைக் கேட்டதும் போர்ட் மேல் இருந்த சந்தேகம் பாதி குறைந்துவிட்டது. கெட்டுப்போன போர்ட் நேரம் பார்த்து வேலை செய்வது அரிது.

தண்ணீர்

மெஷினின் மூடியைக் கழற்றும் முன் தண்ணீரை அளப்பது என் வழக்கம். உள்ளே போகும் ஹோஸைக் கழற்றி, டெப்பை முழுதாகத் திறந்து 10 லீட்டர் வாளி ஒன்றைப் பிடித்தேன். இந்த ரக மெஷினுக்கு வாளி ஒரு நிமிடத்தில் நிறைய வேண்டும். இரண்டரை நிமிடம் எடுத்தது.

ஹோஸின் வாயில் ஒரு சிறு வலை இருக்கும். அதைக் குறட்டால் இழுத்து எடுத்தபோது செம்மண் வண்டல் பசையாக அப்பியிருந்தது. விரலில் தேய்த்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் மைக்காத் துகள்கள் மினுங்கின. நம் மலைப் பாறை உடைந்து மண்ணாகும்போது அதிலுள்ள மைக்காவும் தண்ணீரோடு வந்துவிடும். பங்களாவுக்கு வருவது மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர். மழைக் காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கி வருவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த வலை அதைவிடச் சீக்கிரமாக அறிந்துகொள்கிறது.

வலையைக் கழுவிப் போட்ட பிறகும் வாளி நிறைய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அடுத்த காரணம் உயரம். சமையலறைக்குப் பின்னால் கம்பித் தாங்கியில் நிற்கும் பிளாஸ்டிக் டேங்குக்கும் மெஷின் டெப்புக்கும் இடையே 2 மீட்டர்தான் வித்தியாசம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. ஆகவே இங்கே கிடைத்தது 0.2 பார். மெஷின் கையேடு கேட்பது குறைந்தது 0.5 பார். போதாததற்கு, விருந்தினர் அறைகளின் குளியலறைக்கும் அதே குழாய். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு அறையில் ஷவர் திறந்தால் மெஷினுக்கு என்ன மிஞ்சும்?

டெப் படம் ஏன் வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். உள்ளே வரும் தண்ணீர் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் தொட்டிக்குப் போகிறது. சக்கரத்தில் காந்தம் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் போர்டுக்கு ஒரு துடிப்புப் போகும். போர்ட் அந்தத் துடிப்பை எண்ணி லீட்டராகக் கணக்கிடுகிறது. குறித்த நேரத்துக்குள் எண்ணிக்கை சேராவிட்டால் டெப் மூடியிருக்கிறது என்று முடிவு செய்து நின்றுவிடும். போர்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பிரஷர் பம்ப் ஒன்று போட்டுவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். கொழும்பில் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே பங்களாவுக்கு மேலே, தேயிலைக்குள் பழைய சீமெந்து டேங்க் ஒன்று இருக்கிறது. டெப்பிலிருந்து சுமார் 14 மீட்டர் உயரம். அதிலிருந்து மெஷினுக்கு மட்டும் தனியாக முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை இறக்கினோம். பம்ப் இல்லை, கரண்ட் செலவு இல்லை, 1.4 பார் கிடைக்கிறது. மலைச் சரிவில் குடியிருப்பதில் உள்ள நல்ல வசதி இது, அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

இப்படிக் குழாய் இறக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வழியில் எங்கேயும் குழாய் மேடேறி இறங்கக் கூடாது. அந்த மேட்டில் காற்று சிக்கினால் தண்ணீர் நூலாகத்தான் வரும். டேங்கில் குழாய் பொருத்தும் துளை அடித்தளத்திலிருந்து ஒரு சாண் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் வண்டல் கீழே தங்கும். மெஷினுக்கு முன்னால் கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டி ஒன்றும் வைத்தோம், கண்ணாடிக் கிண்ணம் உள்ள வகை. அழுக்கு சேர்வது வெளியிலிருந்தே தெரியும் என்பதற்காகத்தான் அந்த வகையைக் கேட்டு வாங்கினேன்.

நிற்காத மோட்டர்

ஓஃப் பண்ணினாலும் நிற்காத சத்தம், தண்ணீரை வெளியேற்றும் பம்பின் சத்தம். மெஷினின் அடியில் ஒரு தட்டு, அதில் தெர்மோகோல் மிதவை ஒன்று, மிதவைக்கு மேல் ஒரு சிறு சுவிட்ச். எங்காவது ஒழுகித் தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பி சுவிட்சைத் தட்டும். உடனே போர்ட் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு பம்பை விடாமல் ஓட்டும். வீட்டில் வெள்ளம் வராமல் காக்கும் ஏற்பாடு. எனவே பம்பைக் குறை சொல்லாமல் தட்டைப் பார்க்க வேண்டும்.

ப்ளக்கைக் கழற்றிவிட்டு, முன் அடிப்பலகையை எடுத்து டோர்ச் அடித்தேன். தட்டில் ஒரு விரல் அளவு தண்ணீர். அதன் ஓரமெல்லாம் வெள்ளையாகக் காய்ந்த கோடு, கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு. குனிந்ததும் தேசிக்காய் வாசனை. இங்கே மெஷினில் போடும் மாத்திரைக்கு அந்த வாசனை கிடையாது. சிங்க்கில் கையால் பாத்திரம் கழுவும் லிக்விடின் வாசனை அது.

ஆனாலும் ஒழுகல் இல்லை என்று உறுதி செய்யாமல் நகரக் கூடாது. தட்டை ஸ்பொஞ்சால் ஒற்றிக் காயவைத்து, மாத்திரை எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் முழுச் சுற்று ஓட்டினேன். தட்டு காய்ந்தபடியே இருந்தது. ஹோஸ், சீல், கதவு ரப்பர் எதிலும் பழுதில்லை. அப்புறம் அக்கா வழமையாக அடுக்குவது போலவே பாத்திரத்தை அடுக்கச் சொல்லி இன்னொரு முறை ஓட்டினோம். சில நிமிடத்தில் பம்பின் சத்தம் மாறியது. சீராக இருந்த இரைச்சல் விட்டுவிட்டு, காற்றை விழுங்கும் சத்தமாகிவிட்டது. கதவைத் திறந்தால் கீழ்த் தட்டு தெரியாத அளவுக்கு நுரை.

"முதல்ல லிக்விட் போட்டு தேய்ச்சிட்டா அடுக்குறீங்க அக்கா?"

"ஆமா தம்பி. இவ்வளவு காசு குடுத்து வாங்கின சாமான், அழுக்கோட வச்சா கெட்டுப் போயிடுமேன்னுதான்."

மெஷின் மேல் அக்கறை இல்லாதவர் இப்படிச் செய்யமாட்டார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மெஷினுக்கான பவுடரும் மாத்திரையும் நுரைக்காத மாதிரி செய்யப்பட்டவை. கை லிக்விட் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சமே போதும், மலைத் தண்ணீர் அதைப் பெருக்கிவிடும். சவர்க்காரம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் லேசில் நுரைக்காது, இங்கே கையை விட்டு லேசில் போகாது. லிக்விடிலும் அந்த வித்தியாசம் ஓரளவு உண்டு. நுரை கதவின் கீழ் ஓரத்தால் வழிந்து தட்டில் இறங்கித் தண்ணீராகி மிதவையைத் தூக்குகிறது.

இப்போது அக்கா எலும்பையும் மிச்சச் சோற்றையும் வழித்துப் போட்டு, எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டு நேரே அடுக்குகிறார். லிக்விட் தொடுவதில்லை. வேலையும் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறார்.

சூடாகவில்லை என்ற பதிவு

போர்டை மாற்றச் சொன்னதற்கு அடிப்படை இதுதான். ஹீட்டர், போர்டிலுள்ள ரிலே (ஹீட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), வெப்பத்தை அறியும் சென்சர், வயர், ப்ளக் என்று ஐந்து இடத்தில் எது பிழைத்தாலும் இதே பதிவு விழும். ஆகவே ஒவ்வொன்றாக அளந்தேன்.

முதலில் எர்த். பழைய பங்களாக்களில் எர்த் வயர் பேருக்கு இருக்கும், மண்ணோடு தொடர்பு இருக்காது. தண்ணீரும் 2,000 வாட்ஸும் சேர்ந்து இருக்கும் பெட்டியில் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியில்லை என்றால் வேறு எந்த வேலையையும் நான் தொடங்குவதில்லை. இங்கே இரண்டும் சரியாக இருந்தன.

ஹீட்டரின் தடை 26 ஓம். 230 வோல்ட்டில் 2,000 வாட்ஸ் ஹீட்டருக்கு வரவேண்டிய அளவே அதுதான். கரண்ட் கசிவை அறியும் மெகர் மீட்டரில் பார்த்தபோது உடலோடு கசிவும் இல்லை. சென்சரின் தடை தண்ணீர் சூடாகச் சூடாக இறங்கியது, அதுவும் சரி. ரிலே ஒட்டுகிறதா என்று பார்க்க மெஷினை ஓடவிட்டு வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஹீட்டர் வரும் கட்டத்தில் கரண்ட் ஏறியது. போர்ட் கட்டளை கொடுக்கிறது, ரிலே கேட்கிறது. ஆனால் பகலில் 8 அம்பியருக்கு மேல் காட்டிய மீட்டர், ராத்திரி ஏழரைக்கு 7 அம்பியரை ஒட்டியே நின்றது. ப்ளக் பேஸில் வோல்ட் பார்த்தால் 190.

190 என்றால் கொஞ்சம்தானே குறைவு என்று தோன்றும். ஹீட்டரின் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்குவது. 190ல் 2,000 வாட்ஸ் ஹீட்டர் 1,365 வாட்ஸ்தான் கொடுக்கும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இங்கே டேங்க் தண்ணீரும் குளிர்ச்சி. 4 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 65க்குக் கொண்டுபோக, முழு வோல்ட்டில் 7 நிமிடம் என்றால் 190ல் 10 நிமிடத்துக்கு மேல். பாத்திரமும் குடிக்கும் சூட்டை இதில் நான் சேர்க்கவில்லை. நுரை வந்த நாளில் நிலைமை இன்னும் மோசம். இந்த மெஷினில் ஹீட்டர் சுற்றும் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. பம்ப் காற்றை விழுங்கினால் ஹீட்டரைத் தாண்டித் தண்ணீர் ஓடாது, கருகிவிடாமல் இருக்க ஹீட்டர் தானாக நிறுத்தப்படும். குறித்த நேரத்தில் சூடு வராது, பிழை பதிவாகும். நுரையும் குறைந்த வோல்ட்டும் சேர்ந்து போட்ட பதிவை ஒருவர் போர்டின் சாவு என்று வாசித்திருக்கிறார்.

ப்ளக் பேஸைத் திறந்தபோது ஒரு பக்கம் பழுப்பாகக் கருகி, திருகாணி தளர்ந்திருந்தது. அதைப் புதிதாக்கி, சமையலறை சர்க்கிட்டிலிருந்து பிரித்து மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி இணைப்பு இழுத்தோம். வீட்டுக்குள் விழுந்த வோல்ட்டில் கொஞ்சம் மீண்டது. லைனின் கடைசியில் இருக்கும் வீடு என்பதால் மீதி வெளியேயே விழுகிறது. அதற்கு வைத்தியம் நேரத்தை மாற்றுவதுதான். விருந்தினர்களின் சுடுநீர் ஷவரும் கேத்திலும் ஓய்ந்த பிறகு, ராத்திரி பத்தரைக்குத் தானாகத் தொடங்கும்படி மெஷினை வைத்துவிட்டோம். அந்த வசதி மெஷினிலேயே இருக்கிறது, யாரும் தொட்டதில்லை. ஸ்டெபிலைசர் வேண்டாம் என்றே சொன்னேன். இந்தச் சுமையைத் தாங்கும் நல்லது வாங்க வேண்டுமானால் விலை அதிகம், மலிவானது ஹீட்டர் சுமையில் தானே சூடாகிப் போகும்.

கடுகும் ரம்பையும்

பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை நிற்பதற்குச் சூடு குறைந்தது ஒரு காரணம். மெஷினுக்குள் சுழன்று தண்ணீர் பீச்சும் கைகளைக் கழற்றிப் பார்த்தபோது மற்றக் காரணமும் கிடைத்தது. துளைகளில் பாதிக்கு மேல் கடுகு. கடுகின் பருமனும் அந்தத் துளையின் பருமனும் ஏறத்தாழ ஒன்றே, ஒரு முறை போய் உட்கார்ந்தால் தண்ணீரால் தள்ள முடியாது. கைகளைக் குலுக்கினால் உள்ளே இன்னும் கலகலத்தன. ஊசியால் உள்ளே தள்ளிவிட்டால் மறுநாள் வேறு துளையில் வந்து அடைக்கும். வெளிப்பக்கமாக நெம்பி எடுக்க வேண்டும். பிறகு கையின் நடுவாயை டெப்பில் பிடித்துத் தண்ணீர் விட்டு, எல்லாத் துளையிலும் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடுகு அங்கே போயிருக்கவே கூடாது, வடிகட்டியில் நின்றிருக்க வேண்டும். வடிகட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய வலையின் ஓரத்தில் கிழிசல். கம்பிப் பஞ்சால் தேய்த்ததில் வந்தது. உள்ளே மாற்றிய ஒரே உதிரிப் பாகம் இந்த வடிகட்டிதான். இனி பழைய பல் பிரஷ் போதும்.

வெளியேற்றும் பம்பின் மூடியைத் தூக்கியபோது அதன் இறக்கையில் ரம்பை இலை நார் சுற்றிக் கிடந்தது, இரண்டு தேசிக்காய் விதையும். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தடுமாறி. நாரைக் கத்தியால் வெட்டி இழுத்ததும் விரலால் சுற்ற இலேசாக வந்தது.

கிளாஸ்கள்

இதில்தான் நல்ல செய்தி இல்லை. மங்கிய கிளாஸ் ஒன்றை எடுத்து ஒரு பாதியில் வினாகிரி ஊற்றி ஊறவிட்டேன். சுண்ணாம்புப் படிவு என்றால் கரைந்து பளிச்சென்று வரும். இரண்டு பாதியும் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

தண்ணீரை டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்தால் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு, கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் மெஷினின் நீர் மென்மையாக்கி (உப்பின் உதவியோடு தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் பகுதி) உயர்ந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது, மாதாமாதம் உப்பு வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே மென்மையான தண்ணீருக்கு மென்மையாக்கி தேவையே இல்லை. மென்மையான தண்ணீர், அளவுக்கு மீறிய பவுடர் அல்லது மாத்திரை, நீண்ட நேரச் சூடு மூன்றும் சேர்ந்தால் கண்ணாடி அரிபடும். முழு மாத்திரை ஒன்று இந்தத் தண்ணீருக்கு அதிகம், அதைப் பாதியாகப் போடுவதும் சிரமம். அதனால் மாத்திரையை விட்டு பவுடருக்கு மாறச் சொன்னேன். குறித்த அளவில் பாதிதான் போடுகிறார்கள், பாத்திரம் சுத்தமாகவே வருகிறது. மென்மையாக்கியை 0ல் வைத்து, உப்பை நிறுத்தி, கிளாஸ்களுக்கு மட்டும் குறைந்த சூட்டில் தனிச் சுற்று வைத்தாயிற்று. புதிதாக வாங்கிய கிளாஸ்கள் மங்கவில்லை. போர்ட் பழையதுதான், பிழைப் பதிவும் திரும்ப வரவில்லை. மழை பிடித்தால் வடிகட்டிக் கிண்ணத்தை அக்காவே கழற்றிக் கழுவுகிறார்.

இந்த 0 கணக்கை மலைநாடு முழுவதற்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்தளை, திகன பக்கம் பளிங்குக் கல்லும் டொலமைட்டும் நிலத்துக்கு அடியில் ஓடுகின்றன. அங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும். அந்த வீடுகளில் மென்மையாக்கியை 0ல் வைத்தால் ஹீட்டரிலும் பீச்சும் துளைகளிலும் வெள்ளைப் படிவு ஏறும், உப்பும் தேவைப்படும், பவுடரும் கூட வேண்டும். மெஷின் பொருத்தும் நாளிலேயே ஸ்ட்ரிப் ஒன்றை அந்த வீட்டுத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்து, அது காட்டும் எண்ணை மெஷினில் வைத்துவிட்டு வர வேண்டும்.